தெரிந்த சிக்கல்

இன்றைக்குத் தீர்ப்பு என்று வக்கீல் இசக்கிராஜ் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற யார் முகத்திலும் இன்றைக்கு ஏதாவது முடியப்போகிற களை இல்லை. எதிர் பெஞ்சில் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார், அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஓடாத மிக்ஸி ஒன்றை அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்துப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருக்கிறாள், அவளுக்கு மிக்ஸி, எனக்குக் குரல், நுகர்வோர் கோர்ட்டில் எல்லாம் ஒரே வரிசைதான், வாங்கினது சரியில்லை என்றால் யாரும் இங்கே வரலாம் என்று இசக்கிராஜ் முதல் நாள் சொன்னபோது எனக்குக் குழப்பமாக இருந்தது, நான் எதையும் வாங்கவில்லையே, கொடுத்துவிட்டுத்தானே வந்தேன், ஆபரேஷன் அறைக்குள் போகும்போது இருந்தது, வெளியே வரும்போது இல்லை. பக்கத்தில் இவர் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வராந்தா முழுவதையும் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறார். "டாக்டர் வந்துட்டாரா உலகு?" இல்லை என்கிறேன். நான் இல்லை என்று சொன்னால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும், சைக்கிள் டியூப்பின் வால்வைத் தளர்த்தினால் வருகிற சத்தம், அதற்குள் எங்கேயோ ஒரு 'ல்' இருக்கிறது, அதை இந்த உலகத்தில் இவர் ஒருத்தரால்தான் கண்டுபிடிக்க முடியும். இவர் தலையை ஆட்டிக்கொள்கிறார். "வருவாரு. இத்தன வருசமா ஒரு வாய்தாவுக்கும் வராத மனுசன், இன்னைக்கு வருவாரு பாரு." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைத்ததையெல்லாம் கேட்பதில்லை இப்போது, ஒரு வாக்கியத்துக்கு மூச்சைச் சேர்த்து, அடிவயிற்றை இறுக்கி, தள்ளி, பாதியில் அறுந்து, மறுபடியும் சேர்த்து, அதற்குள் கேட்க வேண்டியது எனக்கே ஆறிப்போய்விடுகிறது.

இவரும் நானும் பேசிப் பேசித்தான் புருஷன் பெண்டாட்டி ஆனோம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவருடைய அக்கா, என் மதினி, என்னை மேலும் கீழும் இவருக்கும் சேர்த்துப் பார்த்தாள், பிறவியிலேயே பார்வை இல்லாத தம்பிக்குத் தான்தான் கண் என்கிற பொறுப்பு அவளுக்கு. காபியைக் கொடுத்துவிட்டு நான் திரும்பும்போது இவர் சொன்னார், பொண்ணு ஏதாவது பேசட்டுமே என்று. என் அப்பாவுக்குப் பதற்றம், பாடச் சொல்லட்டுமா என்றார், எனக்குப் பாட்டே வராது. "பாட்டெல்லாம் வேண்டாம் மாமா. பாட்டுல குரல் வேசம் போட்டுக்கிடும். சும்மா பேசட்டும்." எனக்குக் கோபம் வந்தது, என்ன இது, கத்திரிக்காயைக் காம்பை முறித்துப் பார்க்கிற மாதிரி, அந்தக் கோபத்தோடேயே "என்ன பேசணும்?" என்று கேட்டேன், இவர் முகம் அப்படியே விரிந்தது, "போதும், அவ்வளவுதான்" என்றார். குற்றாலிங்கம் என்று பெயர், தென்காசியில் ஒரு அரசாங்க ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர், யார் 'ஹலோ' சொன்னாலும் பெயரைச் சொல்லிவிடுவார், ஜலதோஷம் பிடித்திருந்தாலும் சொல்லிவிடுவார். கல்யாணமான மறுவாரமே எனக்கு இந்த வேலை வந்துவிட்டது, காலையில் பேப்பர் வாசித்துக் காட்டுவது, கடைசிப் பக்கத்து விளம்பரம் வரைக்கும், அப்புறம் தெருவில் நடக்கும்போது இங்கே பள்ளம், இங்கே மாடு, அந்தா உங்க ஆபீஸ் கிளார்க்கு வாராரு, மனுஷன் மீசையை எடுத்துட்டாரு, சிரிக்காதீங்க. அடுப்படியில் நின்றுகொண்டே பேசுவேன், குளித்துக்கொண்டே பேசுவேன், பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், உங்க வீட்டுல ரேடியோவே நிக்காதாக்கா என்று. இவருக்கு என் முகம் தெரியாது. கையால் தடவிப் பார்த்திருக்கிறார், மூக்கு இருக்கு, நெற்றி இருக்கு, அது எல்லாருக்கும் இருப்பதுதான் என்பார். "நீன்னா எனக்கு உன் சத்தம்தான் உலகு." அதை எதற்கு இப்போது நினைக்கிறேன், வேறு ஏதாவது நினைக்கலாம், மகள் பூரணி நேற்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டது, அம்மா, பேசும்மா, கேக்கல, அப்பாட்ட குடு. எல்லாப் பேச்சும் கடைசியில் அப்பாட்ட குடு என்று முடிகிறது.

ஒரு கட்டி. கழுத்தின் வலது பக்கம், முதலில் ஒரு நெல்லிக்காய் அளவு, அப்புறம் எலுமிச்சை. அதைக் கண்டுபிடித்ததும் இவர்தான், ஒரு நாள் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தச் சொன்னார், "உன் குரல்ல ஏதோ உக்காந்திருக்கு" என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, இல்லை, சிரித்தால் என்ன, சிரிக்காமல் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். டாக்டர் நவநீதனிடம் போனோம், வேறு யாரிடம் போவது, பூரணி பிறந்தபோது கொடி சுற்றிக் கிடந்த பிள்ளையை உயிரோடு எடுத்துக் கொடுத்தது அவருடைய ஆஸ்பத்திரிதான், என் மாமியார் மூச்சை இழுத்துக் கிடந்தபோது ராத்திரியில் வீட்டுக்கு வந்து நாடி பார்த்தவர், வாசலில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னவர், "தம்பி, நாளைக்குத் தாண்டாது, மனசத் தேத்திக்கிடுங்க" என்று. அப்படிச் சொல்லத் தெரிந்த மனுஷர். அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் செரிக்கவில்லை, சொல்லவே தெரியாதவர் என்றால் விட்டுவிடலாம். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், விழுங்கச் சொன்னார், ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள், கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளருது, எடுத்துருவோம் என்றார். "பயப்படாதீங்கம்மா. சின்ன ஆபரேசன். நாலாம் நாள் வீட்டுல நின்னு தோசை சுடலாம்." நான் தோசை சுட்டேன். நாலாம் நாள் இல்லை, ஆனால் சுட்டேன், அவர் அந்த மட்டுக்குப் பொய் சொல்லவில்லை. ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் ஒரு நர்ஸ் வந்து இங்க இங்க கையெழுத்துப் போடுங்க என்றாள், போட்டேன், வெறும் வயிறு, தலை சுற்றல், பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கிறது, இவர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அந்த நேரத்தில் யார் வாசிப்பார்கள். கதவு வரைக்கும் இவர் கூட வந்தார். "உள்ள போயிட்டு வந்து என்னெல்லாம் இருந்துச்சுன்னு சொல்லணும்" என்றார். சரிங்க என்றேன். அந்த 'சரிங்க'தான் கடைசி. இவ்வளவு பேசினவளுக்குக் கடைசி வார்த்தை இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்திருக்கலாம்.

அப்புறம் முழிப்பு வந்தது. வேண்டாம், அதை விட்டுவிட்டு அதற்குப் பிந்தியதை நினைக்கிறேன். மூன்றாம் நாள் டாக்டர் வந்தார், தையலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, "வீக்கம்மா, வத்திரும், குரலுக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார். நான் ரெஸ்ட் கொடுத்தேன். நான் கொடுத்த மாதிரி இந்த ஜில்லாவில் எவளும் கொடுத்திருக்க மாட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை, முனகவில்லை, இருமல் வந்தால்கூடத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு இருமினேன், பேசினால் வீக்கம் வற்றாது என்று பயம், பால்காரருக்குக் கைஜாடை, இவருக்கு வளையலைத் தட்டுவேன், ஒரு தட்டு என்றால் ஆமாம், ரெண்டு என்றால் இல்லை. வீட்டில் இருந்த அமைதி தாங்காமல் இவர் ரேடியோவைப் போட்டுவிட்டார், கொஞ்ச நாளில் அவரே நிறுத்தினார், "ரேடியோ ஓடினா நீ எங்க இருக்கேன்னு தெரியல" என்றார், அப்புறம் அந்த வீட்டில் என் மூச்சும் இவர் காதும்தான். மாதா மாதம் போவோம், டாக்டர் உள்ளே இருந்தாலும் சின்ன டாக்டர்தான் பார்ப்பார், வீக்கம், வீக்கம், இன்னும் கொஞ்ச நாள். தண்ணீர் குடித்தால் புரையேறும், சோறு புரையேறும், என் எச்சிலே எனக்குப் புரையேறும். மழைக்காலம் போய் வெயில் வந்து மறுபடியும் குற்றாலத்தில் சீசன் தொடங்கின பிறகுதான் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டு டிவியில் காட்டினாள், அந்தா பாருங்க, இந்தப் பக்கத்துக் குரல் நாண் ஆடுது, அந்தப் பக்கத்து நாண் ஆடல, அதுக்குப் போற நரம்பு அறுந்திருக்கு, ஆபரேசன் அன்னைக்கே. டிவியில் என் தொண்டை, ஈரமாக, சிவப்பாக, ஒரு கதவு ஒழுங்காகத் திறந்து மூட, இன்னொரு கதவு கீல் விட்டுப்போய் நின்றுகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆரம்பத்துலயே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இது உங்களுக்கு யாருமே சொல்லலையாம்மா?" அந்த டாக்டரம்மா கேட்டதற்கு இவர்தான் பதில் சொன்னார், "இல்லம்மா, பேசாம இருக்கச் சொன்னாங்க, இவ பேசாம இருந்தா." இப்போதும் இன்னொரு ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் தேறலாம் என்றாள் அவள். கொஞ்சம் என்றால் எவ்வளவு. என் கழுத்தை இனி ஒருத்தரும் தொட வேண்டாம், வரும் பஸ்ஸில் முழுக்கச் சேலைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு வந்தேன்.

தெரிந்த சிக்கல். எதிர்த்தரப்பு போட்ட பதிலில் அந்த வார்த்தை இருந்தது, டாக்டர்கள் கூடி உட்கார்ந்து கொடுத்த அபிப்பிராயத்திலும் அதே வார்த்தை. இசக்கிராஜ் எனக்கு விளக்கினார், சின்ன வயசு வக்கீல், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "தெரிஞ்ச சிக்கல்னா, இந்த ஆபரேசன்ல நரம்பு போறதுக்கு வாய்ப்பு உண்டு, அது எல்லா டாக்டருக்கும் தெரியும், எவ்வளவு கவனமா செஞ்சாலும் சில பேருக்கு நடந்துரும், அதனால நடந்தா தப்பில்லன்னு அவங்க வாதம்க்கா." எல்லாருக்கும் தெரியும். நர்ஸுக்குத் தெரியும், மயக்க மருந்து கொடுத்தவருக்குத் தெரியும், ஸ்ட்ரெச்சர் தள்ளினவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. தொண்டை என்னுடையது, தெரிந்தது மற்றவர்களுக்கு. அந்த வார்த்தையிலேயே என் மனசு போய்ப் போய் மாட்டுகிறது, முள்ளில் முந்தானை மாட்டுகிற மாதிரி, பாத்திரம் தேய்க்கும்போது மாட்டும், கோலம் போடும்போது மாட்டும், தெரிந்த சிக்கல், தெரிந்த ஆள், தெரிந்த டாக்டர், தெரிந்துகொண்டேதான். தெரிந்துகொண்டே வீக்கம் என்றாரே. என்னைக் குறுக்கு விசாரணை செய்த அன்றைக்கும் அந்த வார்த்தைதான் வந்தது. டாக்டர் தரப்பு வக்கீல் மரியாதைப்பட்டவர், குரலை உயர்த்தவே இல்லை, அவருக்கு எதற்கு உயர்த்த வேண்டும், சாதாரணமாகப் பேசினாலே ஹால் முழுக்கக் கேட்கிற கனத்த குரல், நான் அந்தக் குரலைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டு நின்றேன். "கையெழுத்து உங்களதுதானம்மா?" ஆமாம். "வாசிச்சுப் பார்த்துத்தான் போட்டீங்க?" இல்லை. "உங்களுக்கு வாசிக்கத் தெரியும்ல? தினமும் வீட்டுக்காரருக்குப் பேப்பர் முழுக்க வாசிச்சுக் காட்டுவேன்னு நீங்களே மனுவுல சொல்லியிருக்கீங்களே?" நான் சொன்னேன், பேப்பர் வாசிக்கும்போது என்னை யாரும் வெறும் வயிற்றோடு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நிறுத்தவில்லை என்று. முழு வாக்கியமும் சொன்னேன், மூன்று மூச்சில். டைப் அடிக்கிறவர் தலையைத் தூக்கி, "ஒண்ணும் கேக்கல சார்" என்றார். "பதில் இல்லைன்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டார் அந்த வக்கீல். கெட்ட எண்ணத்தில் இல்லை, நேரமாகிறது என்கிற மாதிரிதான் கேட்டார். பதில் இல்லை. பின்னால் பெஞ்சிலிருந்து இவர் எழுந்துவிட்டார், "ஐயா, அவ பதில் சொல்லிட்டா, எனக்குக் கேட்டுது" என்று. சாட்சிக் கூண்டில் நிற்பவளுக்காக வேறு யாரும் பேசக் கூடாது, உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தார். அப்புறம் ஒரு பேப்பரைக் கொடுத்து என்னை எழுதச் சொன்னார்கள், எழுதினேன், எழுதும்போது அந்த வாக்கியம் சப்பென்று இருந்தது, கோபம் குரலில்தான் இருந்திருக்கிறது, எழுத்துக்கு வரவில்லை.

இவர் இப்போது என் கையைத் தேடி எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொள்கிறார். கை ஜில்லென்று இருக்கிறதாம். இன்றைக்குத் தோற்றால் என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், அது பெரிய பயமாக இல்லை, தோற்றுத்தானே இருக்கிறோம். ஜெயித்தால் என்ன செய்வது என்பதுதான் பயமாக இருந்தது. நாளைக்குக் காலையில் எழுந்ததும் எதற்குக் காத்திருப்பது, இத்தனை வருஷமாக ஒவ்வொரு வாய்தாவும் ஒரு தேதி, அந்தத் தேதியை நோக்கி நடந்து வந்துவிட்டோம், இனி தேதி இல்லாத நாட்கள், இவரும் நானும் அந்த வீடும். இவர் கனவில் நான் பழைய குரலில் பேசுகிறேனாம். இவருக்குக் கனவு முழுக்கச் சத்தம்தான், காலையில் எழுந்து சந்தோஷமாகச் சொல்வார், "நேத்து நீ என்னைய ஏசின பாரு, மார்க்கெட்டுல நின்னு, அப்படி ஒரு ஏச்சு." சிரிப்பார், பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொள்வார். எனக்கு அந்தக் கனவுக்காரி மேல் பொறாமை. அவள் இவரோடு குடித்தனம் நடத்துகிறாள், நான் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். அவள் ஒரு நாள் வராமல் போய்விட்டால், இவருக்கு என் பழைய குரல் மறந்துபோனால், அப்போது நான் எங்கே இருப்பேன். எனக்கே மறந்துவிட்டது. மனசுக்குள் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேனே, இது யார் குரல், பழையதா, புதியதா, கூர்ந்து கேட்டால் குரலே இல்லை, வெறும் வார்த்தை போகிறது.

அந்த முழிப்பு. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். முதலில் குளிர், அப்புறம் கழுத்தில் செங்கல்லைக் கட்டின மாதிரிக் கனம், அப்புறம் மேலே ஒரு ட்யூப் லைட், நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தது, இவரைத் தேடினேன். பக்கத்திலேயே நின்றார். கையை நீட்டினால் எட்டுகிற தூரம், ஆனால் கையில் ஊசி குத்திக் கட்டிவைத்திருந்தார்கள், நீட்ட முடியவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசல் பக்கம் முகத்தை வைத்து, என் செருப்பை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், நான் எந்தக் கட்டிலில் இருக்கிறேன் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை போல. கூப்பிட்டேன். என்னங்க. வாய் அசைந்தது, நாக்கு அசைந்தது, காற்றுப் போனது. சத்தம் வரவில்லை. காதுதான் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன், எனக்குத்தான் கேட்கவில்லை, இவருக்குக் கேட்கும், இவருக்குக் கேட்காத சத்தம் உண்டா, மறுபடியும் கூப்பிட்டேன். என்னங்க. இங்க இருக்கேன். என்னங்க. கூப்பிடக் கூப்பிட இவர் அந்தப் பக்கமே நிற்கிறார். ஒரு நர்ஸ் போனாள், இவர் அவளை நிறுத்திக் கேட்டார், "சிஸ்டர், உலகம்மாள் முழிச்சிட்டாளா?" அவள் எட்டிப் பார்த்தாள், அதற்குள் களைத்துப்போய் எனக்குக் கண் சொருகியிருக்க வேண்டும், "இன்னும் இல்ல, தூங்குறாங்க" என்றாள். இவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார். நான் செத்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், செத்தவர்கள் இப்படித்தான் கூப்பிடுவார்கள் போல, பக்கத்திலேயே நின்றாலும் கேட்காது போல. இதை இவரிடம் நான் சொன்னதில்லை. மனுவில் எழுதவில்லை, இசக்கிராஜிடம் சொல்லவில்லை. நான் கூப்பிட்டது கேட்கவில்லை என்று தெரிந்தால் இந்த மனுஷர் தன் காதை மன்னிக்க மாட்டார்.

"வந்துட்டாரு" என்கிறார் இவர். டாக்டர் நவநீதன் படி ஏறி வருகிறார், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, வெள்ளைச் சட்டை தோளில் தொங்குகிறது, ஆள் பாதியாகிவிட்டார். எங்களைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி உள்ளே போகிறார். அதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட, இசக்கிராஜ் ஓடி வந்து வாங்கக்கா என்கிறார், இவர் என் தோளைப் பிடித்துக்கொள்ள உள்ளே போகிறோம். மேலே உட்கார்ந்திருக்கிற தலைவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார், மனுதாரர் உலகம்மாள், கணவர் குற்றாலிங்கம், எதிர்மனுதாரர், மருத்துவக் குழுவின் கருத்து, மேற்படி, மேற்படி, எனக்கு வார்த்தைகள் தனித்தனியாகக் கேட்கின்றன, சேரவில்லை. அறுவை சிகிச்சையில் கவனக்குறைவு என்பது நிரூபிக்கப்படவில்லை. இவர் விரல்கள் என் தோளில் இறுகுகின்றன. நரம்பு பாதிக்கப்படுவது இவ்வகை அறுவை சிகிச்சையில் தெரிந்த சிக்கலே. வந்துவிட்டது, வந்துவிட்டது அந்த வார்த்தை, அப்படியே வெளியே போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. ஆயினும், அச்சிக்கல் எதிர்மனுதாரருக்குத் தெரிந்ததாயினும் மனுதாரருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஏற்பட்ட பின்னரும் தெரிவிக்காமல் வீக்கம் என்று கூறி மாதக்கணக்கில் காலம் கடத்தியது சேவைக் குறைபாடு. அப்புறம் ஒரு தொகை, ஒரு கெடு, மனு பகுதியளவில் அனுமதிக்கப்படுகிறது, அடுத்த நம்பர். அடுத்து மிக்ஸிக்காரி எழுந்திருக்கிறாள். நாங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம். "பாதி ஜெயிச்சிட்டோம்க்கா" என்று இசக்கிராஜ் காதில் சொல்கிறார், "அவங்க அப்பீல் போவாங்க, போகட்டும், இதுவே பெரிசு." பாதி. எந்தப் பாதி என்று யோசிக்கிறேன், வெட்டினது தப்பில்லை, சொல்லாமல் விட்டது தப்பு. சொல்லாமல் விட்டதுதான் எனக்கும் வலித்தது. அப்படியானால் முழுதுமா. தெரியவில்லை, அழுகை வரவில்லை, பசிக்கிறது.

வராந்தாவுக்கு வந்தால் டாக்டர் அங்கே நிற்கிறார். அவருடைய வக்கீல் கையைப் பிடித்து, "சார், வாங்க, கார்ல பேசிக்கலாம்" என்கிறார், அவர் கையை விடுவித்துக்கொண்டு எங்களை நோக்கி வருகிறார், வந்து, இவருக்கு முன்னால் நிற்கிறார். "தம்பி, அன்னைக்கு உங்ககிட்ட சொல்லியிருக்கணும்." இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். தொண்டை அவளோடது" என்கிறார். டாக்டர் என் பக்கம் திரும்புகிறார். மூன்றாம் நாளிலிருந்து திரும்பாத முகம். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, "ராத்திரியெல்லாம் நினைப்பேம்மா, நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு. வர வரச் சொல்ல முடியாமப் போச்சு." இந்த மனுஷரிடம் சொல்ல எத்தனை வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன், தேய்த்துத் தேய்த்துக் கூர் பண்ணினவை, ஒன்றையும் காணோம். வாயைத் திறந்ததும் வேறு ஏதோ வருகிறது. என்ன சொல்றாங்க, கேக்கலியே என்று டாக்டர் காதைக் கையால் குவித்துக்கொள்கிறார், அவருக்கும் காது மங்கிவிட்டது. அப்போது இவர் சொல்கிறார், "நீ சொல்லு உலகு. நான் சொல்லுதேன்."

நான் சொல்கிறேன், இவர் சொல்கிறார். "முழிச்சப்ப நான் பயந்துட்டேன் டாக்டர்." இவருடைய குரலில், டெலிபோனில் பேசுகிற அந்தத் தெளிவான குரலில், என் வார்த்தை வராந்தா முழுக்கக் கேட்கிறது, தூங்கினவர் முழித்துப் பார்க்கிறார். "செத்துட்டேன்னு நினைச்சேன். யாராவது ஒரு வார்த்தை, குரல் போயிருச்சும்மா, நீ உயிரோடதான் இருக்கேன்னு சொல்லியிருந்தா, பயந்திருக்க மாட்டேன்." டாக்டர் தலையைக் குனிந்துகொள்கிறார். இதோடு நிறுத்தியிருக்க வேண்டும் நான். ஆனால் வால்வு திறந்துகொண்டுவிட்டது, காற்றுப் போய்க்கொண்டே இருக்கிறது, என்னால் பிடிக்க முடியவில்லை, இவரும் ஒரு வார்த்தை பின்னால் வந்துகொண்டே இருக்கிறார். "எங்க வீட்டுக்காரரு பக்கத்துலதான் நின்னாங்க. செருப்பைக் கையில வச்சுக்கிட்டு. நான் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட…" அங்கே இவர் குரல் நிற்கிறது. அடுத்த வார்த்தையை நான் சொல்லிவிட்டேன், இவருக்குக் கேட்டுவிட்டது, முகத்தில் தெரிகிறது, ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. டாக்டர் காத்திருக்கிறார். இசக்கிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். டாக்டர் இரண்டு கையையும் கூப்பி, என்னைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா" என்கிறார், நான் மன்னித்தேனா, தெரியாது, தலையை ஆட்டினேன், அவருடைய வக்கீல் வந்து அவரை மெல்ல அழைத்துக்கொண்டு போகிறார், அவர் படி இறங்குகிற சத்தம் நின்று நின்று கேட்கிறது, கீழே போய் ஓய்கிறது.

இவர் அசையவில்லை. கைத்தடி சரிந்து சுவரோரம் கிடக்கிறது, எடுத்துக் கையில் கொடுத்தேன், பிடித்துக்கொள்ளவில்லை. என் தோளைத் தேடி, தோளிலிருந்து கழுத்துக்கு வந்து, இத்தனை வருஷமாக நான் ஒருத்தரையும் தொட விடாத அந்தத் தழும்பின் மேல் விரலை வைக்கிறார். நான் விலகவில்லை.

"எத்தன தடவ கூப்பிட்ட உலகு?"

வராந்தாவில் ஆட்கள் போகிறார்கள் வருகிறார்கள், யாருடைய பெயரையோ கூப்பிடுகிறார்கள். நான் மூச்சைச் சேர்த்து, அடிவயிற்றை இறுக்கி, இவர் காதோடு சொல்கிறேன்.

"ஒரு தடவதாங்க. அதுவும் மெதுவா."